சாம்பலில் தெரிந்த ஊர்: திருச்சிச் சுருட்டும் சுவையின் அளவுகோலும்

1887ஆம் ஆண்டு வெளிவந்த ஆர்தர் கோனன் டாயிலின் முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் புதினத்தில், கொலை நடந்த அறையின் தரையில் சிதறிக் கிடந்த சாம்பலைத் துப்பறிவாளர் திரட்டி எடுக்கிறார். கருமையாகவும் செதில் செதிலாகவும் இருந்த அச்சாம்பல் திருச்சிராப்பள்ளிச் சுருட்டுக்கு மட்டுமே உரியது என்று முடிவு செய்கிறார். 1890இல் வந்த அடுத்த புதினத்தில் அவர் 140 வகைப் புகையிலைச் சாம்பல்களைப் பற்றித் தனி ஆய்வுரை எழுதியவராகக் காட்டப்படுகிறார். அங்கும் திருச்சிச் சுருட்டின் கருஞ்சாம்பல் வருகிறது. கோதாவரி ஆற்றுத் தீவுகளில் விளைந்த இலையால் ஆன 'லங்கா' சுருட்டும் வருகிறது. இவை எந்நாட்டுப் பெயர்கள், எத்தகைய சுருட்டுகள் என்று இலண்டன் வாசகருக்கு விளக்கவேண்டிய தேவை ஆசிரியருக்கு எழவில்லை. அந்த அளவுக்கு அவை அன்று அறியப்பட்டிருந்தன.

உயர்தரக் கைச்சுருட்டுகளைச் சுவைத்து ஒப்பிடுவது இன்று செல்வந்தர்களின் பொழுதுபோக்காகவும் தனி எழுத்துத் துறையாகவும் வளர்ந்திருக்கிறது. அதில் கியூபா தலைமை இடத்தில் இருக்கிறது. நிகராகுவாவும் டொமினிக்கன் குடியரசும் ஹோண்டுராசும் அதனோடு போட்டியிடுகின்றன. 'செரூட்' என்ற சொல்லையே ஆங்கிலத்துக்குக் கொடுத்த தமிழகத்தின் பெயர் அந்த வரிசையில் இல்லை. இது இலையின் குறையா, அளவுகோலின் குறையா என்ற கேள்வி இந்தியப் புகையிலை வரலாற்றில் போதிய கவனம் பெறவில்லை. இரண்டுக்கும் பங்குண்டு. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் காலனிய ஏடுகள் எழுதிய தீர்ப்பே நூறாண்டுக்கும் மேலாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு வருகிறது.

சொல்லிலிருந்து தொடங்கலாம். அமெரிக்கக் கண்டத்துச் செடியான புகையிலை போர்த்துக்கீசியர் வழியாக இந்தியா வந்தது. பீஜப்பூர் சென்று திரும்பிய அசத் பேக், 1604–05 அளவில் அக்பரின் அவைக்கு அதைக் கொண்டுவந்தார். மணிகள் பதித்த குழாயில் வைத்து அவர் அளித்த புகையை மன்னர் சுவைத்துப் பார்க்க, அரண்மனை மருத்துவர் தடுத்ததாக அவரே எழுதிவைத்திருக்கிறார். 1617இல் ஜஹாங்கீர் புகையிலைக்குத் தடை விதித்தார், தடை நிலைக்கவில்லை. வடக்கில் இந்தப் பழக்கம் உக்காவாக, நீர் நிரம்பிய கலத்தோடும் நீண்ட குழலோடும் அவைகளில் வளர்ந்தது. சோழமண்டலக் கரையில் குழலும் கலமும் தேவைப்படவில்லை. இலையையே சுருட்டி, ஒரு முனையில் தீயிட்டு, மறுமுனையை உதட்டில் வைத்துக்கொண்டால் போதும். 'சுருள்' என்னும் வேரிலிருந்து பிறந்த 'சுருட்டு' என்ற பெயர் அந்தச் செயலை அப்படியே சொல்கிறது. தெலுங்கின் 'சுட்ட' என்ற சொல்லும் சுற்றுதலையே குறிக்கும்.

1669க்கும் 1679க்கும் இடையே வங்காள விரிகுடாக் கரை நாடுகளைச் சுற்றிய ஆங்கில வணிகர் தாமஸ் பௌரி இந்தப் பழக்கத்தைப் பார்த்துக் குறித்திருக்கிறார். ஏழை மக்கள் இலையைச் சுருட்டிப் புகைக்கும் இந்த முறை மிக எளியது, தாழ்ந்தது. ஆனாலும் புகைத்தலின் மூல முறை இதுவாகவே இருக்கக்கூடும் என்பது அவர் கருத்து. போர்த்துக்கீசியர் அதற்கு வழங்கிய பெயரையும் அவர் பதிவு செய்கிறார். அது நம் 'சுருட்டு' என்பதன் திரிபு. ஆங்கிலத்தில் சுருட்டைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் ஒன்றான இது, புகைப்பவரின் வறுமையை முதலில் சொல்கிறது. சுவையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பின்னாளில் எழுந்த பல மதிப்பீடுகளின் போக்கு இங்கேயே தொடங்கிவிட்டது.

1886இல் வெளியான 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியைத் தொகுத்த யூலும் பர்னலும் இச்சொல்லைத் தமிழுக்கே உரியதாக ஏற்றனர். தென்னாட்டுச் சுருட்டுகள் திருச்சிராப்பள்ளியிலும் கோதாவரிக் கழிமுகத்திலும் மிகுதியாகச் செய்யப்படுவதையும் குறித்தனர். அவர்கள் காட்டும் பழைய சான்று வீரமாமுனிவரின் 'பரமார்த்த குருவின் கதை'. ஆற்றைக் கடக்கவேண்டிய குருவும் சீடர்களும், ஆறு விழித்திருக்கும்போது கடப்பது ஆபத்து என்று அஞ்சுகிறார்கள். ஆறு தூங்குகிறதா என்று பார்த்து வர ஒரு சீடன் போகிறான். சுருட்டுப் பற்றவைக்க வைத்திருந்த கொள்ளிக்கட்டையை அவன் நீரில் தோய்க்க, அது சீறிப் புகைகிறது. ஆறு விழித்திருக்கிறது என்று ஓடி வருகிறான். கதைக்குச் சுருட்டு முக்கியமன்று; அதனாலேயே அது நல்ல சான்றாகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வழிநடைக்காரன் கையில் சுருட்டுக்கென ஒரு கொள்ளி இருப்பது, விளக்கம் வேண்டாத அன்றாடக் காட்சியாக இருந்திருக்கிறது.

இனி வாயில் நிகழ்வதைப் பார்க்கலாம். நல்ல கைச்சுருட்டு மூன்று அடுக்கால் ஆனது: உள்ளே நிரப்பும் இலை, அதைச் சேர்த்துக் கட்டும் இலை, மேலே சுற்றும் இலை. கியூப முறையில் உள்ளிலையும் ஒரே தன்மையுடையதாக இராது. செடியின் அடிப்பகுதி இலை நன்றாக எரியும்; நடுப்பகுதி இலை மணம் தரும்; வெயிலை நேரே வாங்கும் மேற்பகுதி இலை காரம் தரும். இவற்றை எந்த அளவில் கலப்பது என்பதே ஒவ்வோர் ஆலையின் இரகசியம். அறுத்த இலையைக் கொட்டிலில் காற்றாட உலர்த்தி, அடுக்கிக் குவித்துப் புழுங்கவிடும்போது அம்மோனியா நெடி குறைகிறது, முரட்டுத்தன்மை தணிகிறது. இந்தப் புழுக்கம் அவசரப்பட்டால் எத்தனை நல்ல இலையும் நாவைக் கடிக்கும். சுருட்டின் புகை காரத்தன்மையுடையது. ஆகையால் அதிலுள்ள நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே உடலில் சேர்கிறது. சிகரெட் புகைப்பவரைப்போல் நெஞ்சுக்குள் இழுக்கவேண்டியதில்லை. சுருட்டைப் 'புகைப்பது' என்பதைவிடச் 'சுவைப்பது' என்று பேசும் வழக்கத்துக்கு இந்த வேதியியலும் ஒரு காரணம்.

ஹவானாச் சுருட்டின் ஒரு முனை மூடியிருக்கும். புகைப்பவர் அதை வெட்டித் திறக்கவேண்டும். செரூட்டின் இரு முனைகளும் திறந்தவை. வெட்டும் கத்தி வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். முன்னதற்கு ஓய்ந்த மாலைப்பொழுதும் சாய்வு நாற்காலியும் பொருந்தும். பின்னது வயல் வரப்பிலும் வண்டியோட்டியின் கையிலும் படகிலும் பயன்படுவது. இரண்டும் வெவ்வேறு வேலைக்கான பொருள்கள். இந்த வேறுபாட்டை மறந்து ஒன்றை மற்றதன் தாழ்ந்த வடிவமாகக் கருதியதே காலனிய ஒப்பீட்டின் முதற்பிழை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேய அரசுக்கு இந்தியப் புகையிலை ஏற்றுமதிப் பொருளாக வேண்டியிருந்தது. இலண்டன் சந்தை எதிர்பார்த்தது மென்மையான, வெளிர் நிறமான, சீராக எரியும் இலையை. இந்திய இலை தடித்தது, பதப்படுத்துதல் சரியில்லை என்ற புகார் திரும்பத் திரும்ப எழுந்தது. பீகாரின் பூசாவில் அரசுக்கு இருந்த பண்ணை 1877 முதல் 1897 வரை பெக் டன்லப் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடப்பட்டு, அங்கு மேலைநாட்டு முறையில் புகையிலை பதப்படுத்தப்பட்டது. பின்னர் அதே பூசாவில் அமைந்த வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆல்பர்ட் ஹோவர்டும் கேப்ரியல் ஹோவர்டும் இந்தியப் புகையிலைகளை ஆராய்ந்தனர். சுருட்டுக்கும் சிகரெட்டுக்கும் உதவும் நிக்கோட்டியானா டபாக்கம் இனத்தில் 51 வகைகளையும், உக்காவுக்கு மிகுதியாகப் பயன்படும் நிக்கோட்டியானா ரஸ்டிக்கா இனத்தில் 20 வகைகளையும் 1910இல் பிரித்துக் காட்டினர். ஒரே நாட்டில் இத்தனை வகை இருந்தும், வணிக ஏடுகளில் அவை 'இந்திய இலை' என்ற ஒற்றைப் பெயருக்குள் அடக்கப்பட்டன. பூவும் இலையமைப்பும் கொண்டு வகை பிரித்த அறிவியலும், எந்த வகையை எந்த ஊரார் எந்தச் சுவைக்காக விரும்பினர் என்ற கேள்வியைத் தன் பொறுப்பாகக் கொள்ளவில்லை.

திருச்சிச் சுருட்டின் கதை இங்கே மேலும் தெளிவாகிறது. சுருட்டுத் தொழிலின் இருப்பிடம் திருச்சியின் ஒரு பகுதியான உறையூர். இலை பெரும்பாலும் திண்டுக்கல் வட்டாரத்திலிருந்து வந்தது. ஊசிக்காப்பல், வட்டக்காப்பல் என்று உழவர் பெயரிட்ட வகைகள் அங்கு விளைந்தன. கிணற்றுப் பாசனம், செம்மண், வெயிலில் உலர்த்தல் ஆகியவை சேர்ந்து அந்த இலைக்கு ஆழ்ந்த நிறத்தையும் காட்டத்தையும் தந்தன. சென்னையின் ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லில் சுருட்டு ஆலை நடத்தியது. ஐரோப்பியருக்கென்று செய்த சுருட்டுகளில் உள்ளே திண்டுக்கல் இலையும், மேலே ஜாவாவிலிருந்து வந்த மெல்லிய இலையும் இருப்பது வழக்கமாயிற்று. கண்ணுக்கும் உதட்டுக்கும் முதலில் படுவது மேலிலை. வாங்குபவர் அதன் நிறத்தையும் வழவழப்பையும் கொண்டே உள்ளிருப்பதை மதிப்பிட்டார். உள்ளூர்ப் பொருள் வெளியூர் உறை போர்த்திக்கொண்டுதான் 'உயர்தரம்' என்ற வரிசையில் நிற்க முடிந்தது.

இதில் இலையின் உண்மையான குறைகளை மறைக்கவேண்டியதில்லை. புகையிலை இலையில் பொட்டாசியம் மிகுந்தால் தணல் அணையாமல் எரியும்; குளோரைடு மிகுந்தால் எரிதல் தடைப்படும், சாம்பல் கறுக்கும். உப்புக் கலந்த கிணற்று நீர் பாயும் நிலத்தில் இலைக்குள் குளோரைடு ஏறுவது இயல்பு. மெல்லும் புகையிலைக்கு அது கேடில்லை, சுருட்டுக்குக் கேடு. ஹோம்ஸ் கண்ட கருஞ்சாம்பலுக்கு இலையின் காரத்தோடு நிலத்தடி நீரின் உப்பும் காரணமாக இருந்திருக்கலாம். துப்பறிவாளர் அதில் ஒரு கொலையாளியைத் தேடினார். மண்ணியலாளருக்கு அதே சாம்பல் ஒரு கிணற்றைக் காட்டும். ராஜமுந்திரியில் 1947இல் மையப் புகையிலை ஆராய்ச்சி நிலையமும், அதன் கிளையாகத் திண்டுக்கல்லை அடுத்த வேடசந்தூரில் 1948இல் சுருட்டுப் புகையிலைக்கான நிலையமும் தொடங்கின. எரிதிறன் போன்ற பண்புகள் உள்ளூர் இலையை வைத்தே ஆராயப்படும் நிலை அப்போதுதான் உறுதிப்பட்டது. அதற்குள் சந்தை சிகரெட்டின் பக்கம் சாய்ந்திருந்தது. 1910இல் கல்கத்தாவில் இம்பீரியல் டொபாக்கோ நிறுவனமும், 1912இல் அதைச் சார்ந்த இலை வளர்ச்சி நிறுவனமும் தோன்றி, குண்டூர்ப் பகுதி வெர்ஜீனியா இலைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது.

இன்றைய சுவை மதிப்பீட்டையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். 1992இல் அமெரிக்காவில் தொடங்கிய 'சிகார் அஃபிசியனாடோ' இதழ், சுருட்டின் அடையாளப் பட்டையை நீக்கி, எந்த நிறுவனத்துடையது என்று தெரியாமல் நடுவர்கள் புகைத்து 100க்கு மதிப்பெண் இடும் முறையைப் பரப்பியது. தோற்றமும் கட்டமைப்பும் 15, சுவை 25, எரியும் தன்மை 25, ஒட்டுமொத்த மனப்பதிவு 35 என்று அது பிரிக்கப்பட்டது. பெயர் பார்த்து ஏமாறாமல் இருக்க இது நேர்மையான ஏற்பாடு. எனினும் மிகுதியான மதிப்பெண் இருப்பது மனப்பதிவில். ஒருவர் மனத்தில் பதிவதற்கு முன்னரே அவர் எவற்றை நல்ல சுவை என்று பழகியிருக்கிறார் என்பது அங்கே வேலை செய்யும். கொக்கோ, தேவதாரு மரம், வறுத்த காப்பி, தோல் என்று அந்தத் துறை பயன்படுத்தும் உவமைகள் ஒரு குறிப்பிட்ட வாழ்க்கையின் சரக்கறையிலிருந்து எடுக்கப்பட்டவை. கண்ணைக் கட்டினாலும் நாவின் பழக்கத்தைக் கட்ட முடியாது.

தமிழில் இதற்கு வேறொரு சொற்களஞ்சியம் இருந்தது. காரம், காட்டம், உறைப்பு, கமறல் என்று தொண்டையும் நாவும் உணரும் நிலைகளைத் தனித்தனியே சொல்ல முடிந்தது. எல்லாவற்றினும் முக்கியமான சொல் 'பதம்'. சோற்றுக்கும் வெல்லப் பாகுக்கும் உள்ளது போலவே புகையிலைக்கும் பதம் உண்டு. உலர்ந்த இலை தொட்டால் நொறுங்கும். ஈரம் மிகுந்தால் பூசணம் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில், விரலால் மடக்கினால் உடையாமல் வளைந்து கொடுக்கும் நிலையைக் கையே அறியும். சுருட்டுக் கட்டுமானத்தின் வெற்றி இந்த அறிவில் அடங்கியிருக்கிறது. இறுக்கிச் சுற்றினால் புகை வராது. தளரச் சுற்றினால் சூடேறிக் கசக்கும். புகைப்பவர் 'சுவை' என்று உணர்வதில் ஒரு பெரும்பகுதி சுற்றியவரின் விரல் அழுத்தத்தால் தீர்மானிக்கப்படுகிறது.

அந்த விரல்களுக்கு உரியவர் யார் என்பதில் ஹவானாவும் உறையூரும் பிரிகின்றன. கியூபாவும் அன்று காலனிதான். 1898 வரை ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது, 1886 வரை அடிமைமுறை நீடித்தது. ஆனாலும் எச். உப்மான் (1844), பர்த்தாகாஸ் (1845), ரோமியோ இ ஹூலியெத்தா (1875) என ஆலைக்கு ஆலை தனிப்பெயரும் தனிச்சுவையும் நிலைபெற்றன. 1865இல் ஹவானாவின் எல் ஃபிகாரோ ஆலையில், தொழிலாளர் சுருட்டுச் சுற்றும்போது ஒருவர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து நாளிதழும் நூலும் வாசித்துக் காட்டும் முறை தொடங்கியது. வாசிப்பவருக்குத் தொழிலாளர்களே கூலி கொடுத்தனர். அடுத்த ஆண்டே ஆட்சியாளர் அதைத் தடைசெய்யும் அளவுக்கு அது அச்சமூட்டியது. பின்னர் மீண்டும் உயிர்பெற்றது. 1935இல் தோன்றிய மான்டெகிறிஸ்டோ என்ற வணிகப்பெயர், ஆலையில் வாசிக்கப்பட்ட டூமாவின் புதினத்தை இன்றும் நினைவூட்டுகிறது. சுற்றியவர்கள் கேட்ட கதை சுருட்டின் பெயராயிற்று. உறையூரில் சுற்றியவர்களின் கைத்திறனோ ஊரின் பெயருக்குள் கரைந்துவிட்டது. ஹோம்ஸ் வரும் மற்றொரு கதையில் சாம்பலைக் கொண்டு கண்டறியப்படும் 'இந்தியச் சுருட்டு' ராட்டர்டாமில் சுற்றப்பட்ட வகை என்று சொல்லப்படுகிறது. இலைக்கு இந்தியாவின் பெயர், கைக்கு வேறோர் ஊர். இத்தகைய சந்தையில் சுற்றியவரைப் பற்றிய கேள்வியே எழவில்லை.

அண்மைக் காலத்தில் திருச்சிச் சுருட்டின் பெருமையை நிறுவ, வின்ஸ்டன் சர்ச்சில் அதை விரும்பிப் புகைத்தார் என்ற செய்தி பரவலாக எடுத்தாளப்படுகிறது. சர்ச்சில் 1895இல் கியூபா சென்றவர். மறு ஆண்டு படையணியோடு பெங்களூர் வந்தவர். அவருடைய விருப்பச் சுருட்டுகளாக நன்கு பதிவானவை ரோமியோ இ ஹூலியெத்தா முதலிய கியூபச் சுருட்டுகள். திருச்சிச் சுருட்டின் மதிப்புக்கு ஓர் ஆங்கிலப் பிரதமரின் உதடு சான்றாகத் தேவைப்படுவதே, அளவுகோல் இன்னும் யார் கையில் இருக்கிறது என்பதைச் சொல்கிறது.

சான்று வேண்டுமானால் வேறிடத்தில் இருக்கிறது. கருப்பசாமிக்கும் முனீசுவரனுக்கும் படையலில் சாராயத்தோடு சுருட்டும் வைக்கப்படுகிறது. காவல் தெய்வம் ஊரைச் சுற்றிவரும்போது புகைக்கும் என்ற நம்பிக்கையில், காட்டமான சுருட்டு குறையன்று, தகுதி. இலண்டன் தரகர் எதை முரடு என்று ஒதுக்கினாரோ அதையே ஒரு சமூகம் தன் தெய்வத்துக்கு உகந்ததாகத் தேர்ந்திருக்கிறது. பெண்களின் நாவும் இந்த வரலாற்றில் உண்டு. வட ஆந்திரக் கடற்கரையில் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் வழக்கம் பெண்களிடையே மிகுதியாகப் பதிவாகியுள்ளது. 1890இல் எழுதப்பட்ட கிப்ளிங்கின் பர்மியப் பாடலில் கையில் பெரிய வெண்சுருட்டோடு வரும் பெண் ஆங்கில வாசகருக்கு விந்தைப் பொருளானாள். 1937 வரை பிரித்தானிய இந்தியாவோடு இணைந்திருந்த பர்மாவில் அது பெண்களின் அன்றாடப் பழக்கம்.

சுவையின் வரலாறு புகழ்மாலையாக முடியக்கூடாது. நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் சுருட்டுப் புகை வாய், குரல்வளை, உணவுக்குழல் ஆகியவற்றில் புற்றுநோய் விளைவிப்பது நிறுவப்பட்ட உண்மை. எரிமுனையை உள்ளே வைத்துப் புகைத்த ஆந்திரப் பெண்களிடம் அண்ணப் புற்றுநோய் மிகுந்திருந்ததை மருத்துவ ஆய்வுகள் காட்டின. உயர்தரச் சுருட்டு, மலிவுச் சுருட்டு என்ற பாகுபாட்டை நோய் ஏற்பதில்லை. இலையோடு நாள் முழுதும் பழகும் தொழிலாளரின் தோலும் மூச்சும் அதன் பாதிப்புக்கு உள்ளாகின்றன.

சட்டம் அவர்களைக் கண்டுகொள்ள 1966 வரை ஆயிற்று. அவ்வாண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் பணிநிலைச் சட்டம் வேலை நேரம், விடுப்பு, பணியிட நிலை ஆகியவற்றுக்கு விதி வகுத்தது; வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளராக ஏற்றது. உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில் 1974இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. முந்நூறு ஆண்டு வணிக ஏடுகளில் வெறும் ஊர்ப்பெயராக இருந்தவர்கள் சட்டத்தின் வரையறைக்குள் ஆட்களாக வந்தார்கள். அவர்களுடைய அறிவு எந்த வரையறைக்குள்ளும் இன்னும் வரவில்லை.

'முரட்டு இலை', 'தாழ்ந்த சுருட்டு' என்ற சொற்களைப் பழைய அறிக்கைகளில் காணும் மாணவர் மூன்று கேள்விகளை எழுப்பலாம்: எந்த நாவுக்கு, எந்த வேலைக்கு, எந்த விலைக்கு ஒப்பிட்டு இது சொல்லப்பட்டது? விடை தேட ஆவணக்காப்பகம் ஓரளவே உதவும். எந்த இலை எந்த மாதத்தில் எப்படி வளைந்து கொடுக்கும், எந்தக் கிணற்றடிப் புகையிலை கமறும், எதை எதனோடு சேர்த்தால் காட்டம் தணியும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் உறையூர்த் தெருக்களில் மிகச் சிலரே எஞ்சியிருக்கிறார்கள், அவர்களும் முதியவர்கள். சாம்பலைப் பற்றி ஒரு கற்பனைத் துப்பறிவாளர் ஆய்வுரை எழுதிவிட்டார். பதத்தைப் பற்றிய ஆய்வுரை எழுதப்படவேண்டுமானால் அவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டாகவேண்டும்.